டேங்க் நிறைந்தது மோட்டாருக்குத் தெரியவில்லை: ரேடியோ மோடம் கோளாறுகள், அறிகுறி வாரியாக

எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஓரிடத்தில் இருக்கும், அதைத் தேக்கும் தொட்டி வேறிடத்தில் இருக்கும். போர் போட்டது கண்மாய்க் கரையில். டேங்க் நிற்பது ஊருக்கு நடுவில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். நடுவே மூன்று கிலோமீட்டர் வரை பொட்டலும் சீமைக் கருவேலமும். கேபிள் புதைத்தால் அடுத்த கோடையில் கருவேலம் பிடுங்க வரும் பொக்லைன் அதையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். சிம் போட்ட கருவி வைத்தால், ரீசார்ஜ் செய்ய மறந்த மாதத்தில் டேங்க் வழிந்து தெருவில் ஓடும். அந்த இரண்டு தொல்லையும் வேண்டாம் என்பவர்கள், டேங்க் நிலவரத்தை ரேடியோ அலையில் மோட்டாருக்குச் சொல்லும் ரேடியோ மோடம் வைக்கிறார்கள். காரைக்குடி, புதுவயல், தேவகோட்டை வட்டாரத்தில் அவற்றை மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு.

இவை ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் மோடம்கள். ஒரே அலைவரிசையில் உட்கார்ந்து பேசாமல், தகவலை அகலமாகப் பரப்பி அனுப்பும் வகை. சில மோடம்கள் நொடிக்குப் பலமுறை அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும். சில, ஒவ்வொரு பிட்டையும் பொடிப்பொடியாக்கி ஒரு குறியீட்டோடு கலந்து அனுப்பும். லோரா வகை, கீழ் சுருதியிலிருந்து மேலே வழுக்கிப் போகும் சீழ்க்கை மாதிரி. தாவும் முறைக்கு 1942-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியவர்கள் ஒரு ஹாலிவுட் நடிகையும் ஓர் இசையமைப்பாளரும்: ஹெடி லமார், ஜார்ஜ் ஆன்தைல். பியானோவில் 88 கட்டை என்பதால் அவர்கள் குறித்த அலைவரிசைகளும் 88. பழுது பார்க்கிறவன் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, இரண்டு முனையும் ஒரே தாளத்தில் தாவ வேண்டும் என்பது. தாளம் தப்பினால் சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும் பேச்சு நடக்காது.

எந்த அலைவரிசை என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். நம் நாட்டில் உரிமம் வாங்காமல் இந்த வேலைக்குப் பயன்படுவது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸ். முன்பு 867 வரை இருந்ததை 2021-இல் 868 ஆக்கினார்கள். இந்தப் பட்டையில் மோடம் அனுப்பும் சக்தி 1 வாட்டுக்குள், ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட்டுக்குள், கேரியரின் (அனுப்பும் அலையின்) அகலம் 200 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். லோராவில் 125 வைத்தால் சரி, 500 வைத்தால் தப்பு. மோடத்துக்கு வகை ஒப்புதலும் இருக்க வேண்டும். யாரோ வெளிநாட்டிலிருந்து மலிவாக வாங்கி வந்தேன் என்று 902–928 என்று அச்சிட்ட மோடத்தைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது அமெரிக்காவுக்கு. இங்கே 915 வரை செல்போன்கள் டவரோடு பேசும் இடம், 925-க்கு மேல் டவர் செல்போனோடு பேசும் இடம். நீங்களும் பேச முடியாது, ஊராரையும் பேச விடமாட்டீர்கள்.

பையில் நான் வைத்திருப்பவை: மல்டிமீட்டர், நல்லது என்று தெரிந்த ஓர் ஆன்டெனாவும் இரண்டு மீட்டர் கேபிளும், 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டி, வரும் சக்தியை விழுங்க வைப்பது), யுஎஸ்பி–ஆர்எஸ்485 கன்வெர்ட்டர் (ஆர்எஸ்-485 என்பது கருவிகள் இரண்டு ஒயரில் பேசிக்கொள்ளும் முறை), லேப்டாப், அப்புறம் ஒரு முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல். ஸ்கேல் எதற்கு என்பது கீழே வரும். ஆன்டெனாவோ டம்மி லோடோ மாட்டாமல் மோடத்தை அனுப்ப விடாதீர்கள். போக இடமில்லாமல் திரும்பி வரும் சக்தி, அனுப்பும் டிரான்சிஸ்டரைப் பொசுக்கிவிடக்கூடும்.

போன் வந்ததும் மோடத்தின் மாடலைக் கேட்காதீர்கள். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் என்று கேளுங்கள். "தம்பி, நேத்து மழைக்கு அப்புறம் பேச மாட்டேங்குது" என்று டேங்க் ஆபரேட்டர் அண்ணன் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

லைட் எரியவில்லை, அல்லது அனுப்பும்போதெல்லாம் அணைந்து அணைந்து எரிகிறது

லைட்டே எரியாவிட்டால் ஃபியூஸ், அடாப்டர், பேட்டரி முனை. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

அணைந்து எரிவதுதான் ஆளை ஏமாற்றும். மோடம் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது கொஞ்சம்தான் கரண்ட் எடுக்கும். 1 வாட்டில் அனுப்பும் நொடியில் 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பேட்டரியிலிருந்து முப்பது மீட்டருக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்திருந்தால், போக வர அறுபது மீட்டர், இரண்டு ஓமுக்கு மேல். அரை ஆம்பியருக்கு ஒரு வோல்ட் அங்கேயே காணாமல் போகும். பேட்டரியும் பழசு என்றால் மோடம் மயங்கி விழுந்து எழுந்திருக்கும். அதனால் மீட்டரைப் பேட்டரி முனையில் வைக்காதீர்கள். மோடத்தின் முனையில் வைத்து, அது அனுப்பும்போது பாருங்கள். பேட்டரியில் 12.4 என்று பார்த்துவிட்டு மோடத்தைக் குறை சொன்னவர்களில் நானும் ஒருவன்.

மேஜையில் பேசியது, டேங்க் மேல் ஏற்றினால் பேசவில்லை

இதற்குத்தான் அதிகம் போன் வரும். ஏணியில் ஏறுவதற்கு முன் தாளில் ஒரு கணக்குப் போடுங்கள். சக்தியை டிபிஎம்மில் எழுதினால், இழப்பையும் கூடுதலையும் டெசிபலில் கழித்துக் கூட்டிவிடலாம்; பத்து டெசிபல் என்றால் பத்து மடங்கு. 1 வாட் என்பது 30 டிபிஎம். கேபிளில் 2 டெசிபல் போகும், ஆன்டெனா 6 கூட்டும், ஆக 34. மூன்று கிலோமீட்டர் வெறும் காற்றில் 866 மெகாஹெர்ட்ஸ் சுமார் 101 டெசிபல் இழக்கும், மைனஸ் 67. எதிர்ப்பக்க ஆன்டெனா 6 கூட்டி, கேபிள் 2 கழித்தால் மைனஸ் 63. மோடத்தின் மென்பொருளில் தெரியும் சிக்னல் அளவு இதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மைனஸ் 70 வந்தால் நான் இறங்கி டீ குடிக்கப் போய்விடுவேன். மைனஸ் 85 வந்தால் இருபது டெசிபலுக்கு மேல் தொலைந்திருக்கிறது, அதாவது வர வேண்டியதில் நூற்றில் ஒரு பங்குகூட வரவில்லை. பேச்சு நடந்தாலும் அதை அப்படியே விடாதீர்கள். அவ்வளவு பெரிய திருட்டு பத்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்காது. ஒரே இடத்தில்தான் நடந்திருக்கும்.

என் சந்தேகப் பட்டியலில் முதலில் வருவது கனெக்டர். எஸ்எம்ஏ என்று ஒரு வகை, அதே திருகும் அதே அளவும் கொண்ட ரிவர்ஸ் எஸ்எம்ஏ என்று இன்னொரு வகை. ஒன்றில் ஊசி இருக்கும் இடத்தில் மற்றதில் துளை. மோடத்திலும் துளை, கேபிளிலும் துளை என்று அமைந்துவிட்டால் திருகு அழகாக இறுகும், உள்ளே எதுவும் எதையும் தொடாது. மேஜையில் இரண்டு மோடமும் இரண்டடி தள்ளி இருந்ததால் ஒழுகும் சிக்னலிலேயே பேசியிருக்கும். ஊசியும் ஊசியும் மோதும்படி மாட்டினால் இன்னும் மோசம், ஒன்று நசுங்கும். கழற்றிக் கண்ணால் பாருங்கள். நாற்பது வயது தாண்டியவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

அடுத்தது ஆன்டெனாவின் நிலை. மீன்முள் மாதிரி இருக்கும் யாகி ஆன்டெனாவின் குச்சிகள் ஒரு பக்கம் நெட்டாகவும் மறுபக்கம் படுக்கையாகவும் இருந்தால் இருபது டெசிபல் போய்விடும். தொலைந்த அளவு சரியாக இருபதை ஒட்டி இருந்தால் எனக்கு முதல் சந்தேகமே இதுதான். இரண்டு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து ஒப்பிட்டால் போதும்.

இப்போது ஸ்கேல். ஆன்டெனாவில் ஸ்டிக்கர் உரிந்துபோயிருக்கும், அல்லது கடைக்காரர் கைக்கு வந்ததைக் கொடுத்திருப்பார். 866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 34.6 சென்டிமீட்டர். யாகியில் கேபிள் வந்து சேரும் குச்சி அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 16 முதல் 17 சென்டிமீட்டர் இருக்கும். முப்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் அது 433-க்கு ஆனது. ஆறு சென்டிமீட்டர் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ். பார்வைக்கு எல்லாம் மீன்முள்தான், அளந்தால்தான் தெரியும்.

கேபிள். மெல்லிசான ஆர்ஜி-58 இருபது மீட்டர் இழுத்தால் இந்த அலைவரிசையில் ஒன்பது, பத்து டெசிபல் கேபிளிலேயே கரைந்துவிடும். எல்எம்ஆர்-400 வகைத் தடிமன் கேபிளில் அதே இருபது மீட்டருக்கு இரண்டரை டெசிபல். டிவி கேபிளைப் போட்டுவிட்டார்களே என்று சிலர் தலையில் அடித்துக்கொள்வார்கள். 75 ஓம், 50 ஓம் பொருந்தாததால் ஏற்படும் இழப்பு உண்மையில் ஒரு முனைக்குக் கால் டெசிபல்கூட இல்லை. அதன் இழப்பும் ஆர்ஜி-58-ஐவிடக் குறைவு. கெடுப்பது கனெக்டர். டிவி கேபிளுக்கு ‘என்’ (N) டைப் கனெக்டரை ஒழுங்காக மாட்டியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நீளமான கேபிள் தேவைப்படும் இடத்தில் கேபிளை மாற்றுவதைவிட மோடத்தின் இடத்தை மாற்றுவது மேல். கானாடுகாத்தானில் ஒரு வீடு. இந்தத் தெருவில் முகப்பு, பின்வாசல் அடுத்த தெருவில், உங்களுக்குத் தெரியாததல்ல. தோப்பிலிருக்கும் கிணற்று மோட்டாரின் நிலவரம் இரண்டாங்கட்டில் உள்ள கண்ட்ரோல் பெட்டிக்கு வர வேண்டும். மோடத்தையும் உள்ளேயே வைத்து, மாடிக்கு முப்பத்தைந்து மீட்டர் கேபிள் இழுத்திருந்தார்கள். அந்தப் பருமன் சுவருக்குள் ரேடியோ நுழையாது, அந்த நீளக் கேபிளில் மிச்சமும் வராது. "தம்பி, முட்டையும் சுண்ணாம்பும் பூசுன சுவரு, துளை கிளை போட்டுடாதீக" என்று ஆச்சி முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மோடத்தை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஆன்டெனாவுக்கு ஒரு மீட்டர் தள்ளி வைத்தேன். கீழே இறங்கியது ஆர்எஸ்-485 ஒயர்தான், வளவுத் தூண் ஓரமாக, ஒரு துளையும் போடாமல். ஆர்எஸ்-485 குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். ரேடியோவைக் கேபிளில் இழுத்து வராதீர்கள். டேட்டாவை இழுத்து வாருங்கள்.

கடைசியில்தான் மரம். "கண்ணுக்கு டேங்க் தெரியுதே" என்பது போதாது. இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே ரேடியோ நூல் பிடித்த மாதிரி போவதில்லை. நடுவில் பருத்து, இரண்டு முனையிலும் ஒடுங்கிய உருளையாகப் போகிறது. ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். மூன்று கிலோமீட்டருக்கு 866 மெகாஹெர்ட்ஸில் நடுவில் அதன் ஆரம் 16 மீட்டர். அதில் அறுபது சதவீதம், அதாவது சுமார் பத்து மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். டேங்க் மேல் ஆன்டெனா 15 மீட்டரில், மோட்டார் ரூம் கூரைமேல் 3 மீட்டரில் என்றால் நடுவழியில் கோடு போவது 9 மீட்டர் உயரத்தில். தரையே பத்து மீட்டர் இடைவெளியைக் கொடுக்கவில்லை. அதில் ஆறு மீட்டர் கருவேலம் வேறு நிற்கிறது. மோட்டார் ரூமில் ஒரு குழாய் நட்டு ஆன்டெனாவை ஆறு மீட்டர் உயர்த்துவது, சக்தியைக் கூட்டுவதைவிடப் பலன் தரும்.

களத்தில் பேசுகிறது, மேஜையில் பேசவில்லை

மேலே சொன்னதற்கு நேர் எதிர், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு 1 வாட் மோடத்தை ஒரே மேஜையில் வைத்தால், காதருகே மேளம் அடித்த மாதிரி ரிசீவர் திணறும். மென்பொருளில் சக்தியை ஆகக் குறைவாக வையுங்கள், அல்லது ஒன்றை அடுத்த அறைக்குக் கொண்டு போங்கள்.

சிக்னல் பலம், டேட்டா இல்லை

மோடத்தில், இரண்டும் இணைந்ததைக் காட்டும் லிங்க் லைட் நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் தாளம் பொருந்தவில்லை: நெட்வொர்க் எண், தாவும் வரிசை எண், குறியாக்கச் சாவி, லோராவானால் ஸ்ப்ரெடிங் ஃபேக்டரும் (எவ்வளவு பரப்பி, மெதுவாக அனுப்புவது என்ற எண்) பேண்ட்விட்த்தும் (அலையின் அகலம்). இரண்டு மோடத்தின் அமைப்பையும் லேப்டாப்பில் இறக்கி வரிவரியாக ஒப்பிடுங்கள். நினைவிலிருந்து ஒப்பிடாதீர்கள். ஒன்று மாஸ்டர் (தாளம் போடுவது), மற்றது ஸ்லேவ் (அதற்கு ஆடுவது) என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உதிரி மோடத்தை அவசரத்தில் மாற்றும்போது இரண்டுமே மாஸ்டராகி, இரண்டுமே தாளம் போட்டுக்கொண்டு யாருமே ஆடாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

லிங்க் லைட் எரிகிறது, டேட்டா மட்டும் வரவில்லை என்றால் ரேடியோவை மறந்துவிட்டு ஒயருக்கு வாருங்கள். மோடத்துக்கு வரும் ஒயர் ஆர்எஸ்-232 வகை என்றால் தொலைமுனை மோடத்தின் ஒன்பது ஊசிக் கனெக்டரில் 2, 3 இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். இந்தப் பக்கம் லேப்டாப்பில் தட்டச்சு செய்யும் எழுத்து காற்றில் போய்த் திரும்பி வந்து திரையில் தெரிந்தால் ரேடியோ பாதை முழுவதும் நல்லது. கோளாறு அந்தப் பக்கம் உள்ள பிஎல்சிக்கும் (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினி) மோடத்துக்கும் நடுவில். அனுப்பும் ஒயரும் பெறும் ஒயரும் குறுக்காகப் போக வேண்டிய இடத்தில் நேராகப் போயிருக்கும், அல்லது இது 9600, அது 19200 என்று வேகம் மாறியிருக்கும்.

ஆர்எஸ்-485 என்றால் ஏ, பி ஒயர்களை மாற்றிப் பாருங்கள். ஒரு கம்பெனி ஏ என்பதை இன்னொரு கம்பெனி பி என்கிறது. யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை. மாற்றி மாட்டினால் எதுவும் எரிந்துவிடாது. சும்மா இருக்கும்போது இரண்டு ஒயருக்கும் நடுவே 0.2 வோல்ட்டாவது இருக்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி ஆடினால், அந்த வோல்ட்டைக் கொடுக்கும் பயாஸ் ரெசிஸ்டர் இல்லை. 120 ஓம் டெர்மினேஷன் (ஒயரின் முடிவில் போடும் ரெசிஸ்டர்) இரண்டு முனையில் மட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஆர்வமாகப் போட்டுவிட்டால் ஒயரில் சிக்னல் தளர்ந்துவிடும்.

பேசுகிறது, ஆனால் விட்டுவிட்டு

இதில் பாதிக்கு மேல், பிஎல்சிகள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் முறையான மாட்பஸ் தகராறு. மாட்பஸ் ஆர்டியு மூன்றரை எழுத்து நேரம் அமைதி இருந்தால் செய்தி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். 9600 வேகத்தில் அது 4 மில்லிசெகண்ட். ரேடியோ மோடமோ வந்த எழுத்துகளைப் பாக்கெட்டாகக் கட்டி அனுப்புகிறது. நீளமான செய்தியை இரண்டு பாக்கெட்டாகப் பிரித்து, நடுவே 10 மில்லிசெகண்ட் இடைவெளி விட்டுவிட்டால் பிஎல்சி முதல் பாதியை அரைகுறைச் செய்தி என்று தூக்கிப் போடும். குறிப்பு என்னவென்றால், இரண்டு ரெஜிஸ்டர் (பிஎல்சி வைத்திருக்கும் எண்கள்) கேட்டால் வரும், இருபது கேட்டால் வராது. மோடத்தில் மாட்பஸ் பயன்முறை இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் பாக்கெட் அளவைக் கூட்டுங்கள், அல்லது கேட்பதைத் துண்டு துண்டாகக் கேளுங்கள்.

அப்புறம் காத்திருக்கும் நேரம். நேரடி ஒயருக்கு என்று 100 மில்லிசெகண்டில் வைத்ததை ரேடியோ வந்த பிறகும் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். லோராவில் இது இன்னும் கூத்து. தூரம் எட்டட்டும் என்று ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை 12-க்கு ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொரு படிக்கும் காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும். 125 கிலோஹெர்ட்ஸில் இருபது பைட் போக 7-இல் நொடியில் பதினேழில் ஒரு பங்கு போதும், 12-இல் ஒரு நொடிக்கு மேல் ஆகும். கேள்வி போக ஒரு நொடி, பதில் வர ஒரு நொடி. கேள்வி கேட்கும் பக்கமான மாஸ்டரோ ஒரே நொடியில் பொறுமை இழந்து மறுபடி கேட்டு, வந்துகொண்டிருந்த பதில் மேலேயே மோதுகிறது. மூன்று கிலோமீட்டருக்கு 12 தேவையே இல்லை. சிக்னல் மைனஸ் 80-க்கு மேல் இருந்தால் நான் 7 அல்லது 8 வைத்துவிடுவேன்.

அரிசி ஆலைகள் நிறைந்த புதுவயலில் வேறு மாதிரி. எடை மேடையிலிருந்து ஆபீஸுக்கு நானூறு மீட்டர்கூட இல்லை, எடை சில சமயம் வரும், சில சமயம் வராது. ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். நெல் லாரி மேடை ஏறி நின்றால்தான் துண்டிக்கிறது. ஆன்டெனா இருந்தது எடை மேடை அறையின் ஜன்னல் உயரத்தில். லாரி வந்து நின்றால் இரும்புச் சுவர். எடை தேவைப்படும் நேரத்தில்தானே லாரி நிற்கும்! குழாயில் ஆறு மீட்டருக்கு ஏற்றியதும் தீர்ந்தது.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் போய்விடுகிறது

போடும் நொடியில் மட்டும் போய் வந்தால் மின்னழுத்தம். நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது வழக்கமான கரண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், லைன் குனியும், மோடத்தின் அடாப்டரும் கூடவே குனியும். அதை ஒரு சின்ன பேட்டரி வழியாக ஓட்டுங்கள்.

ஓடும் நேரம் முழுவதும் போய்விட்டால் அது இரைச்சல், பெரும்பாலும் ஒயர் வழியாக வருவது. ஆர்எஸ்-485 ஒயரும் மோட்டார் கேபிளும் ஒரே குழாயில் போகிறதா என்று பாருங்கள். போனால் பிரியுங்கள். இரண்டு பக்கத்தையும் மின்தொடர்பில்லாமல் பிரிக்கும் ஐசொலேஷன் உள்ள கன்வெர்ட்டர் போடுங்கள். அணைக்கும்போது மட்டும் மோடம் தொங்கிவிடுகிறது என்றால் மோட்டாரைப் போட்டு அணைக்கும் கான்டாக்டரின் சுருள் துப்பும் பொறி. சுருளுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் சேர்ந்து அந்தப் பொறியை விழுங்கும் ஸ்னப்பர் போதும்.

மழைக்கு அப்புறம்

மழைத்துளி இந்த அலைவரிசைகளை ஒன்றும் செய்யாது, 2.4 கிகாஹெர்ட்ஸைக்கூட. செய்வது இரண்டு. நனைந்த இலை ஒன்று. இலை காய்ந்ததும் தானாகச் சரியாகும், 2.4-இல் அதிகம் தெரியும். மற்றது கனெக்டருக்குள் புகுந்த தண்ணீர். மழை விட்டு நாலு நாள் ஆனாலும் சரியாகாது, அல்லது வெயிலில் கொஞ்சம் தேறி ராத்திரியில் மறுபடி படுத்துக்கொள்ளும்.

தண்ணீர் என்றால் கேபிளின் இரண்டு முனையையும் கழற்றிவிட்டு நடு ஊசிக்கும் வெளி உறைக்கும் நடுவே மீட்டரில் பாருங்கள். முடிவிலி காட்ட வேண்டும். ஏதாவது ஓம் காட்டினால் அந்தக் கேபிள் போனது. காயவைத்து மறுபடி போட ஆசை வரும், போடாதீர்கள். பின்னல் உறை கறுத்துவிட்டால் திரும்பாது. உலோகம் துருப்பதையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது. அந்த ஊர்க்காரனான நான் முதல் இரண்டு வருடம் கனெக்டருக்கு வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் என்று ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி, மேலே சாதாரண டேப். சுற்றும்போது கீழிருந்து மேலே, ஓடு வேய்ந்த மாதிரி. கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கவிடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மாதம் மாதம் தேய்கிறது

மாட்டிய அன்று எழுதி வைத்த அளவு இருந்தால்தான் இதைக் கண்டுபிடிக்கவே முடியும். பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கரால் தேதியும் சிக்னல் அளவும் எழுதிவைப்பேன். மைனஸ் 65-இல் தொடங்கி ஒன்றரை வருடத்தில் மைனஸ் 78 என்றால் கருவேலம் வளர்ந்திருக்கிறது. வேறு யாரையும் தேட வேண்டாம்.

சிக்னல் அளவு அப்படியே இருந்து பாக்கெட் மட்டும் விழுந்தால் பின்னணி இரைச்சலைப் பாருங்கள். பொட்டலில் மைனஸ் 115 பக்கம் இருப்பது மைனஸ் 95-க்கு ஏறியிருந்தால் பக்கத்தில் புதிதாக டவர் வந்திருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். சில செல்போன் டவர்கள் 869 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே அனுப்புகின்றன. நம் பட்டை 868-இல் முடிகிறது. அந்த ஒரு மெகாஹெர்ட்ஸ் இடைவெளியைச் சாதாரண ஃபில்டரால் பிரிக்க முடியாது. இந்த இடத்தில் மட்டும் என் அறிவுரை தலைகீழ்: ஆன்டெனாவை இறக்குங்கள். டேங்கின் கான்கிரீட் உடம்பு டவருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே வரும்படி மறுபக்கத்தில் மாட்டுங்கள். அலைவரிசையையும் 865 பக்கம் தள்ளி வையுங்கள்.

உச்சி வெயிலில் மட்டும்

தகரப் பெட்டி, நிழலில்லாத சுவர், சித்திரை மாதம். மோடம் தாங்கும், உள்ளே இருக்கும் மலிவு அடாப்டர் தாங்காது. நிழலான இடத்துக்கு மாற்றுங்கள்.

இடி விழுந்த பிறகு

ஐப்பசியில் இதற்குத் தனி சீசன். நேரடியாக விழ வேண்டியதில்லை. பக்கத்துப் பனையில் விழுந்தாலே போதும். முதலில் போவது பெரும்பாலும் ஆர்எஸ்-485 சில்லு. லிங்க் லைட் எரியும், டேட்டா வராது. ஏ, பி ஒயரைக் கழற்றிவிட்டு மோடத்தின் முனையில் அளந்தால் இரண்டில் ஒன்று தரையோடு ஷார்ட்டாகக் காட்டும். சில்லை மாற்றிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை. சிக்னல் அளவு இரண்டு பக்கமும் ஒரேயடியாக விழுந்திருந்தால், ஆன்டெனா கேபிள் நுழையும் இடத்தில், இடியின் மின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும் அரெஸ்டரின் வாயுக் குப்பியை முதலில் மாற்றுங்கள். அது செத்து மோடத்தைக் காப்பாற்றியிருக்கலாம். அரெஸ்டரே இல்லையென்றால் மோடத்தைக் கழற்றி டம்மி லோடில் வைத்து, அடுத்த அறையில் உள்ள இன்னொரு மோடத்துக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். புதிதாக மாட்டும்போது அரெஸ்டரின் எர்த்தும் மோட்டார் பேனலின் எர்த்தும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். தனித்தனியாகக் குழி தோண்டினால் இரண்டு குழிக்கும் நடுவே வரும் மின்னழுத்தம் மோடத்தின் வழியாகத்தான் போகும்.

காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு

குன்றக்குடிப் பக்கம் ஒரு மோட்டார் ரூம். மழை இல்லை, புது டவர் இல்லை, கேபிள் நல்லது. நான் போய் ஆன்டெனாவைத் திருப்பி வைத்தால் மைனஸ் 66, ஒரு வாரத்தில் மைனஸ் 80. யூ போல்ட்டை இறுக்கினேன், மறுபடி திரும்பியது. மூன்றாம் தடவை விடியற்காலை போனேன். யாகியின் நடுத்தண்டில் ஒரு மயில், இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது. முருகன் மலையடிவாரத்தில் அதை விரட்ட ஆபரேட்டர் அண்ணனுக்கு விருப்பமில்லை, எனக்கும்தான். இரண்டாவது யூ போல்ட் ஒன்று கூடுதலாகப் போட்டோம். பக்கத்திலேயே, ஆன்டெனாவைவிட ஒன்றரை மீட்டர் உயரத்தில், பின்பக்கமாகத் தள்ளி ஒரு சவுக்குக் கட்டையை நட்டு மேலே குறுக்குக் கம்பு கட்டினோம். மயில் இப்போது அதில் உட்காருகிறது.